அடைக்கலம் கொடுக்கப் போகிறீர்களா? – வாசகர் கேள்வி பதில்

ஆதரவற்றோருக்குத் தங்குமிடம் நடத்த விரும்பும் வாசகர்களின் கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். எழுதியவர்களில் கோயில் குழுவினரும் உண்டு, ஜமாத்தாரும் உண்டு, பங்குச் சபையினரும் உண்டு. பதில்கள் எல்லோருக்கும் பொது.

எங்கள் ஜெபக் குழுவுக்கு ஒருவர் 1,400 சதுர அடியில் ஒரு பழைய ஓட்டு வீட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார். தெருவில் படுத்துக் கிடப்பவர்களை அங்கே வைத்துப் பராமரிக்க வேண்டும் என்பது எங்கள் நேர்ச்சை. எத்தனை பேரை வைக்கலாம்? எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், திண்டுக்கல்

எத்தனை பேர் என்பது இரண்டாவது கேள்வி. யாரை வைக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 'யார் வந்தாலும் வரவேற்போம்' என்று பலகை மாட்ட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 18 வயது நிறையாதவர் என்றால் இளைஞர் நீதிச் சட்டம் 2015, பெண்கள் என்றால் தமிழ்நாடு அரசின் 2014-ஆம் ஆண்டு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், மனநோயாளிகள் என்றால் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மாற்றுத்திறனாளிகள் என்றால் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் என ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனிப் பதிவு. நாலு வகை ஆட்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் நாலு துறைக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒன்றில் தவறினாலும் இல்லம் மூடப்படும். உள்ளே இருப்பவர்கள் மறுபடி தெருவுக்கு வருவார்கள். முதன்முறை தொடங்குபவர்களுக்கு நாங்கள் சொல்வது, 60 வயதைத் தாண்டிய, தானே நடமாடக்கூடிய ஆண்கள் மட்டும், அல்லது பெண்கள் மட்டும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு பற்றிக் கேட்டுவிட்டு, பிறகு கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

இப்போது கணக்கு. நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டுதல் ஓர் ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி என்கிறது. 1,400-ஐ 50-ஆல் வகுத்து 28 பேர் என்று மகிழ்ந்துவிட வேண்டாம். சமையலறை 120, பண்டக அறை 80, அலுவலகம் 100, கழிப்பறையும் குளியலறையும் 100, தனியாக ஒரு நோயாளி அறை 120, சாப்பிடும் கூடம் 250, சுவரும் நடையும் 130 என்று 900 சதுர அடி போய்விடும். மீதி 500. ஆக, பத்துக் கட்டில். அதிலும் முதல் மூன்று மாதம் ஆறு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது பொதுக் கணக்கு. பத்துப் பேருக்கு 1,350 லிட்டர்; தினமும் நனையும் படுக்கை விரிப்புகளைத் துவைக்க வேண்டியிருப்பதால் 2,000 லிட்டர் தொட்டி வையுங்கள். மெத்தைக்கு ரெக்சின் உறை கட்டாயம். கட்டில் உயரம் உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியும் அளவுக்கு, கட்டிலுக்குக் கட்டில் 3 அடி இடைவெளி.

வயதானவர்கள் அதிகம் விழுவது இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில்தான். அந்த வழியில் விடிவிளக்கு, சுவரோரக் கைப்பிடி, சொரசொரப்பான தரை மூன்றும் வேண்டும். கழிப்பறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே மயங்கி விழுந்தவரின் உடம்பு கதவை அடைத்துக்கொண்டால், உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும். ஓட்டு வீடு என்கிறீர்கள். வயரிங் பழசாகத்தான் இருக்கும். முழுவதும் மாற்றி, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. கருவி போடுங்கள்.

கடைசியாக ஆள் பலம். ஞாயிற்றுக்கிழமை தொண்டு செய்ய நாற்பது பேர் வருவார்கள். செவ்வாய்க்கிழமை இரவு இரண்டு மணிக்கு மலம் துடைத்துவிட ஒருவர் வேண்டுமே, அவர் யார்? பத்துப் பேர் கொண்ட இல்லத்துக்குச் சமையலுக்கு ஒருவர், முறை மாற்றி வேலை பார்க்கக் கவனிப்பாளர்கள் மூவர் என்று குறைந்தது நான்கு பேர் சம்பளத்துக்கு வேண்டும். இரவுப் பணியாளர் தூங்கக் கூடாது. ஆறு மாதச் செலவு வங்கியில் இருந்த பிறகே முதல் ஆளைச் சேர்ப்பது நல்லது. நேர்ச்சை உங்களுடையது, பாதியில் நின்றுபோனால் தவிப்பது அவர்கள்.

பேருந்து நிலையத்தில் நாள்கணக்கில் கிடக்கும் ஒருவரை இரவில் அழைத்து வருகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முதல் இரவில் என்ன செய்ய வேண்டும்? எங்கள் ஆட்கள் நேராக முடிவெட்டிக் குளிப்பாட்டி வயிறு நிறையச் சாப்பாடு போடுகிறார்கள்.
– வாசகி, நாகர்கோவில்

மூன்றுமே அவசரப்பட்டுச் செய்யக் கூடாதவை. முதலில், இல்லத்துக்குக் கொண்டு வருவதா, 108-ஐக் கூப்பிடுவதா என்று அந்த இடத்திலேயே முடிவு செய்ய வேண்டும். காய்ச்சல், மூச்சுத் திணறல், புழு வைத்த புண், ஒரு பக்கம் கை கால் இயங்காமை, கூப்பிட்டால் சரியாகப் பதில் வராமை – இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசு மருத்துவமனைக்குத்தான். புழு வைத்த புண்ணை இல்லத்தில் வைத்துத் தோண்டக் கூடாது.

வாயில் சாராய நெடி அடித்தால் இன்னும் எச்சரிக்கை. 'இங்கே வந்த பிறகு ஒரு சொட்டு கிடையாது' என்று கண்டிப்பாக இருப்பதுதான் சரி என்று பல இல்லங்கள் நினைக்கின்றன. வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவருக்குக் குடி திடீரென்று நின்றால், சில மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் பிதற்றலும், இல்லாததைப் பார்த்து மிரளுவதும் வரலாம். இதில் உயிரே போகலாம். 'பேய் பிடித்திருக்கிறது' என்று எண்ணெய் பூசி ஜெபம் செய்துகொண்டோ வேப்பிலை அடித்துக்கொண்டோ இருக்கும் நேரத்தில் ஆள் கைவிட்டுப் போன நிலைக்கு வந்துவிடுவார். தினசரிக் குடிகாரர் என்று தெரிந்தால் முதல் ஐந்து நாள் மருத்துவமனையில் இருக்கட்டும்.

சாப்பாடு. நாலைந்து நாள் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாமல் கிடந்த உடம்பில் ஒரே வேளையில் தட்டு நிறையச் சோறு போனால், ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம். எலும்பும் தோலுமாக இருப்பவரை மருத்துவர் பார்த்த பிறகு சாப்பாட்டைக் கூட்டுவதுதான் முறை. அதுவரை உப்புப் போட்ட கஞ்சி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அரை டம்ளர். 'பாவம், பசியோடு இருக்கிறார்' என்று இலை விரிக்கும் அன்பைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

குளியல். வெந்நீர், சோப்பு, துண்டு, மாற்றுத் துணி ஆகியவற்றைக் கொடுத்து, முடிந்தவரை அவரே குளிக்கட்டும். முடியையும் தாடியையும் கேட்காமல் வழிக்காதீர்கள். வேண்டுதலுக்காக வளர்த்திருப்பவர்களும் உண்டு. வழிக்கும் காட்சியைப் படம் பிடித்து முகநூலில் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தன் நிலை தனக்கே தெரியாத ஒரு மனிதரிடம் அதற்குச் சம்மதம் வாங்க முடியாது, எனவே வேண்டாம்.

மூட்டையைத் தூக்கி எறியாதீர்கள். அழுக்கு மூட்டைதான், ஆனால் அவரிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றே. இரண்டு பேர் முன்னிலையில், அவர் பார்க்க அவிழ்த்து, உள்ளதைப் பட்டியலிட்டு, பணம் இருந்தால் எண்ணி எழுதி, மூவரும் கையெழுத்துப் போடுங்கள். கசங்கிய ஒரு மருந்துச் சீட்டு, பழைய பேருந்துப் பயணச்சீட்டு, ஒரு கூட்டுறவு வங்கி அட்டை – ஊரைக் கண்டுபிடிக்கும் வழி பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும்.

உடல் முழுக்கச் சொறியும், விரலிடுக்கில் சிறு கொப்புளங்களும் இருந்தால் சிரங்குப் பூச்சி. மருத்துவரிடம் காட்டினால் பெரும்பாலும் 5 சதவீதப் பெர்மெத்ரின் களிம்பு தருவார். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நக இடுக்கு உட்பட ஓரிடம் விடாமல் தடவி, இரவு முழுக்க விட்டு, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். வந்தவருக்கு மட்டும் தடவுவார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கும், தூக்கிவிட்ட பணியாளருக்கும் அதே நாளில் தடவாவிட்டால் மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி வரும். துணிகளை வெந்நீரில் துவையுங்கள். துவைக்க முடியாததை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி மூன்று நாளுக்கு மேல் வையுங்கள், பூச்சி செத்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் இலவசம். முடிவு வரும்வரை ஜன்னல் திறந்த தனி அறை. அந்த நோயாளி அறையை ஏன் ஒதுக்கச் சொன்னோம் என்பது அப்போது தெரியும்.

அன்றிரவோ மறுநாள் காலையோ காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தகவல் கொடுத்து, அதைப் பதிந்துகொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள். புகைப்படம், வயது, அடையாளம், கிடந்த இடம், நேரம் இவ்வளவும் அதில் இருக்கட்டும். 'கடத்தி வைத்திருக்கிறார்கள்' என்ற புகார் என்றைக்கு வந்தாலும் உங்களைக் காப்பது அந்த ஒரு தாள். சேர்க்கைப் பதிவேட்டில் 'என் விருப்பத்தில் தங்குகிறேன், விரும்பும்போது போகலாம்' என்ற வரியை வாசித்துக் காட்டிக் கையெழுத்தோ ரேகையோ வாங்குங்கள்.

பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வீட்டை விட்டு ஓடி வந்து கோயில் மண்டபத்தில் அழுதுகொண்டிருந்தாள். தெரிந்த குடும்பம் ஒன்று நல்ல எண்ணத்தில் ஒரு மாதமாக வைத்திருக்கிறது. தவறா?
– வாசகர், விருதுநகர்

எண்ணம் நல்லதாக இருக்கலாம், சட்டப்படி தவறுதான். ஆதரவின்றிக் கண்டெடுத்த குழந்தையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ, காவல் நிலையத்துக்கோ, மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்லியாக வேண்டும். சொல்லாமல் வைத்திருந்தால் ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ. பதிவில்லாத இல்லமே நடத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.

இன்றே 1098-க்குப் பேசச் சொல்லுங்கள். 'அப்பா அம்மாவிடம் திருப்பி அனுப்பிவிடுவார்கள்' என்று அந்தப் பெண் பயந்தால், விசாரிக்காமல் அனுப்பமாட்டார்கள் என்று சொல்லுங்கள். குழந்தைகள் நலக் குழு அதற்காகத்தான் இருக்கிறது. வீட்டில் பாலியல் தொல்லை என்று அவள் சொன்னால், கேட்டவருக்கே புகார் செய்யும் கடமை வந்துவிடுகிறது. துருவித் துருவித் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வையுங்கள்.

எங்கள் இல்லத்தில் காலை, மாலை வழிபாட்டுக்கு எல்லோரும் வர வேண்டும் என்று விதி வைக்கலாமா? இறைவன் பெயரால்தானே நடத்துகிறோம்?
– வாசகி, தஞ்சாவூர்

வைக்காதீர்கள். சோற்றுக்காக வருபவர் கும்பிடுவதில் உங்கள் இறைவனுக்கும் என்ன மகிழ்ச்சி? 1867-இல் வடலூரில் வள்ளலார் தருமச்சாலை தொடங்கியபோது சாதி, சமயம் கேட்கவில்லை. பசி மட்டுமே தகுதி.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். வழிபாடு தனி அறையில் நடக்கட்டும். சாப்பாட்டுக் கூடத்தில் வேண்டாம். மணி அடித்ததும் வழிபாடு, முடிந்ததும் சாப்பாடு என்று நேரத்தை ஒட்டி வைத்தாலே அது மறைமுகக் கட்டாயம்தான். நடுவே அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சேர்க்கைப் படிவத்தில் சாதிக் கட்டம் வேண்டாம். மதத்தை மட்டும், அதுவும் சொல்ல விரும்பினால், எழுதி வையுங்கள். நோன்புக்கும் இறுதிச் சடங்குக்கும் அது தேவைப்படும்.

தர்கா, கோயில், மாதா கோயில் என்று மனநிலை சரியில்லாதவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். ஓடிவிடாமல் இருக்க இரவில் மட்டும் காலைக் கட்டி வைப்பது தவறா?
– வாசகர், இராமநாதபுரம்

உங்கள் மாவட்டத்திலிருந்து இந்தக் கேள்வி வருவது எங்களுக்கு வேதனை தருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆவது பிரிவு எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. இரவில் மட்டும், கயிறு மட்டும், குடும்பத்தார் சம்மதத்துடன் மட்டும் என்ற சாக்குகள் நிற்காது.

கட்டாமல் என்ன செய்வது? தெருவில் திரிபவரைப் பற்றிக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். 100-ஆவது பிரிவின்படி அவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. பல மாவட்ட அரசு மருத்துவமனைகளில் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் இருக்கின்றன. மனநல மருத்துவர் பார்த்து, மாத்திரை பிடித்து, தூக்கம் திரும்பினால் ஓடும் வேகம் பெரும்பாலும் தானே குறைந்துவிடும். பிரார்த்தனையை விட வேண்டியதில்லை. ஏர்வாடி தர்காவிலேயே மருந்தும் துவாவும் சேர்ந்து நடக்கும் ஏற்பாடு வந்துவிட்டதே. பதிவு இல்லாமல் மனநோயாளிகளை வைத்திருந்தால் மட்டும், இன்றே மாநில மனநல ஆணையத்துக்கு விண்ணப்பிக்கும் வழியைப் பாருங்கள்.

எந்த வகை இல்லமானாலும் தீ விஷயத்தில் ஒன்று. இரண்டு வாசல் இருக்க வேண்டும். இரவில் பூட்டினால் சாவி பணியாளர் இடுப்பில் இருக்கட்டும், அலமாரியில் அல்ல. கீற்றுக் கொட்டகையில் ஒருவரையும் படுக்க வைக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் பணம் அனுப்பத் தயார். கல்யாண வீட்டுச் சாப்பாடும் நிறைய வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பணம் அனுப்புபவரின் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். துபாயில் வேலை பார்த்தாலும் இந்தியக் குடிமகன் என்றால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் என்றால், உங்கள் சொந்த அண்ணனே ஆனாலும் அது வெளிநாட்டுப் பணம், எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட அறக்கட்டளைக் கணக்கில் வாங்கக் கூடாது. பதிவு கிடைத்தாலும் அந்தப் பணம் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வர வேண்டும். உள்ளூர் நன்கொடையாளர் வரிச்சலுகை கேட்டால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்குக் கிடைக்காது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

கல்யாணச் சாப்பாடு: சமைத்து எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டு, நான்கு மணி நேரத்துக்கு மேல் என்றால் கும்பிடு போட்டு மறுத்துவிடுங்கள். வெளியே ஆறிக் கிடந்த சோற்றில் வளரும் ஒரு கிருமி விடும் நஞ்சு, மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. பந்தி தொடங்கும் முன்பே தனியாக எடுத்து வைக்கச் சொல்வது நல்ல ஏற்பாடு. மதியம் வருவதை மாலைக்கு வைக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளின் கையில் ஜாங்கிரி போகாமல் பார்ப்பதும் உங்கள் வேலைதான்.

உறவினர் யாரென்றே தெரியாத ஒருவர் இல்லத்தில் இறந்துவிட்டால்?
– வாசகி, கடலூர்

உடனே அடக்கம் செய்துவிடாதீர்கள். தொடர்ந்து பார்த்த மருத்துவரிடம் இறப்புக்கான காரணச் சான்று வாங்குங்கள். விழுந்தோ, திடீரென்றோ, வந்த சில நாளிலேயோ இறந்தால் காவல் நிலையத்துக்குச் சொல்லி, விசாரணை முடிந்த பிறகுதான் மற்றவை. 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் சத்திரம், சாவடி, தர்மசாலை என்று பெயர் சொல்லியே, அங்கு நடக்கும் இறப்பைத் தெரிவிக்கும் பொறுப்பை அதை நடத்துபவர் மேல் வைத்திருக்கிறது. சடங்கு அவருடைய மதப்படி, தெரியாவிட்டால் ஆரவாரமில்லாமல். புகைப்படம், ரசீது, அடக்க இடத்தின் எண் மூன்றையும் கோப்பில் வையுங்கள். பத்து வருஷம் கழித்தும் மகன் தேடி வரலாம்.

குடும்பத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா? கண்டுபிடித்தால் அனுப்பித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், சேலம்

வழி உண்டு, பொறுமை வேண்டும். ஊர்ப் பெயரைக் கேட்டால் சொல்லத் தெரியாதவர்கூட, ஊரில் எந்தச் சாமிக்குத் திருவிழா, எந்தச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போவார்கள், பக்கத்து ரயில் நிலையம் எது என்று கேட்டால் சொல்லிவிடுவார். வேற்று மொழிக்காரர் என்றால் அந்த மொழி பேசும் கட்டடத் தொழிலாளி ஒருவரைக் கூட்டி வந்து அரை மணி நேரம் பேசவிடுங்கள். இல்லத் தலைவரின் சான்றோடு ஆதாருக்கு விண்ணப்பிப்பதும் ஒரு வழி. ஏற்கெனவே ஆதார் இருப்பவர் என்றால் ரேகை பொருந்திப் புதிய விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அதை வைத்துப் பழைய பதிவைத் தேடி, வீடு கண்டுபிடித்த சம்பவங்கள் உண்டு.

ஆனால், முகவரி கிடைத்தவுடன் வீட்டாருக்குப் போன் போடாதீர்கள். முதலில் அவரிடம் கேளுங்கள். அடிக்குப் பயந்து வந்தவராக இருக்கலாம், சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு துரத்தப்பட்டவராகவும் இருக்கலாம். முதியவர் விரும்பினால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். பெற்றோர், முதியோர் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. பார்த்துக்கொள்வோம் என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்த சொத்தை மீட்கவும் வழி உண்டு. போக விரும்புபவரை ஓர் ஆள் துணையோடு அனுப்பி, வீட்டாரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு மாத மருந்தும் கொடுத்துவிடுங்கள். பதினைந்தாம் நாளும் மூன்றாம் மாதமும் போன் போட்டு, அவரிடமே பேச வேண்டும். 'நல்லா இருக்கார்' என்று மருமகள் சொல்வதோடு வைத்துவிடாதீர்கள்.